தொழிலுக்கு மலிவான, நம்பகமான ஹோஸ்டிங்: தேர்ந்தெடுப்பது முதல் இடம் மாறுவது வரை முழுமையான வழிகாட்டி

ஹோஸ்டிங் என்பது உங்கள் தளத்தை, எப்போதும் இணையத்தில் இருக்கும் ஒரு கணினியில் (சர்வரில்) வாடகைக்கு வைப்பது. மலிவான ஹோஸ்டிங் என்றாலே மோசம் என்று ஒதுக்க வேண்டியதில்லை. ஒரு சர்வரைப் பல நூறு பேருக்குப் பங்கிட்டால் ஒவ்வொருவருக்கும் செலவு குறையத்தான் செய்யும். ஒரு சிறு நிறுவனத்தின் தளத்துக்குப் பெரும்பாலும் அந்தப் பங்கே போதும். அந்தப் பங்கின் அளவு என்ன, அது தீர்ந்தால் என்ன ஆகும், நாளைக்கே வேறு இடத்துக்கு மாற வேண்டுமென்றால் எதையெல்லாம் எடுத்துக்கொண்டு போகலாம் என்ற மூன்றும் தெரியாமல் பணம் கட்டுவதுதான் ஆபத்து. மூன்றில் கடைசியை முதலில் கவனியுங்கள். நல்ல நிறுவனமும் ஒருநாள் விலையை ஏற்றலாம், வேறொருவருக்குக் கைமாறலாம், தரம் சரியலாம். அப்போது ஓரிரு நாளில் கிளம்பிவிட முடியுமா என்பதை இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். அதனால்தான் இந்த வழிகாட்டி ஹோஸ்டிங் நிறுவனத்தில் தொடங்காமல் டொமைனில், அதாவது தளத்தின் இணைய முகவரிப் பெயரில், தொடங்குகிறது.

படி 1: டொமைனைத் தனியாக வாங்குங்கள்

“முதல் வருடம் டொமைன் இலவசம்” என்ற சலுகையை விட்டுவிடுங்கள். டொமைனும் ஹோஸ்டிங்கும் ஒரே கணக்கில் இருந்தால், ஏதோ ஒரு தகராறில் அந்தக் கணக்கு முடங்கும்போது இரண்டும் சேர்ந்தே முடங்கும். தளம் போனால் பேக்கப்பிலிருந்து வேறு சர்வரில் எழுப்பிவிடலாம். டொமைன் மாட்டிக்கொண்டால் அதை எழுப்பி நிறுத்த முகவரியே இருக்காது.

டொமைனைப் பதிவு செய்பவர் பெயர் நிறுவனத்தின் பெயராகவோ உரிமையாளரின் பெயராகவோ இருக்க வேண்டும். தளத்தை வடிவமைத்துக் கொடுத்தவரின் பெயரிலோ வேலையை விட்டுப் போகக்கூடிய ஊழியரின் பெயரிலோ இருக்கக் கூடாது. இன்னொன்று, பலரும் கோட்டை விடும் இடம்: அந்தக் கணக்கின் தொடர்பு மின்னஞ்சல் அதே டொமைனில் இருக்கவே கூடாது. டொமைன் காலாவதியானால் அதன் மின்னஞ்சலும் நின்றுவிடும். பாஸ்வேர்டை மீட்கும் கடிதமும் அதே பெட்டிக்குத்தான் வரும் என்றால் பூட்டிய வீட்டுக்குள் சாவி இருக்கும் கதைதான்.

புதுப்பிக்கத் தவறினால் டாட் காம் போன்ற பொது டொமைன்களில் முதலில் ஒரு சலுகைக் காலம் இருக்கும். டொமைனை விற்கும் நிறுவனமான பதிவாளரைப் பொறுத்து அதன் நீளம் மாறும். அது முடிந்து டொமைன் நீக்கப்பட்டால் 30 நாள் மீட்புக் காலம். இதில் மீட்கக் கட்டணம் வழக்கமானதைவிடப் பல மடங்கு. பிறகு 5 நாள் கழித்து யார் வேண்டுமானாலும் வாங்கலாம். ஆட்டோ ரினியூவலைப் போட்டுவிட்டு, கார்டின் காலாவதித் தேதியையும் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். புதிதாகப் பதிவு செய்த டொமைனைப் பொதுவாக முதல் 60 நாளுக்கு வேறு பதிவாளருக்கு மாற்ற முடியாது. ஆனால் அது எந்த சர்வரைக் காட்ட வேண்டும் என்பதை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

படி 2: மின்னஞ்சலைத் தளத்திலிருந்து பிரியுங்கள்

மலிவான பிளான்களோடு மின்னஞ்சல் பெட்டிகளும் சேர்ந்து வரும். தொழிலுக்கு அவற்றை நம்பாதீர்கள் என்பதே எங்கள் உறுதியான கருத்து. பலர் பங்கிட்டுக்கொள்ளும் ஷேர்டு சர்வரில் எல்லோருடைய கடிதங்களும் பெரும்பாலும் ஒரே ஐபி முகவரியிலிருந்துதான் (இணையத்தில் ஒரு கணினிக்குள்ள எண் முகவரி) கிளம்புகின்றன. பக்கத்துக் கணக்கில் யாரோ ஒருவரின் தளம் ஹேக் ஆகி ஸ்பேம் கொட்டினால் அந்த ஐபி ஸ்பாம்ஹாஸ் போன்ற தடுப்புப் பட்டியலில் ஏறும். உங்கள் விலைப்பட்டியல் வாடிக்கையாளரின் ஸ்பேம் பெட்டிக்குள் போய் விழும். நீங்கள் ஒரு தவறும் செய்திருக்க மாட்டீர்கள்.

பெட்டிகளைத் தனி மின்னஞ்சல் சேவையில் வையுங்கள். தளத்திலிருந்து போகும் ஆர்டர் உறுதி, ஓடிபி போன்றவற்றை அதற்கென்றே உள்ள டிரான்சாக்‌ஷனல் சேவை வழியாக அனுப்புங்கள். அதன் பிறகு, கடிதம் உண்மையில் உங்கள் டொமைனிலிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றையும் டிஎன்எஸ்ஸில் (டொமைன் எந்த சர்வரைக் காட்ட வேண்டும் என்பது போன்ற பதிவுகள் இருக்கும் இடம்) போட வேண்டும். 2024 பிப்ரவரி முதல் கூகுளும் யாஹூவும் இதில் கண்டிப்பாக இருக்கின்றன. ஜிமெயிலுக்கு ஒரு நாளில் 5,000 கடிதத்துக்கு மேல் அனுப்புவோருக்கு மூன்றுமே கட்டாயம். குறைவாக அனுப்புவோரும் மூன்றையும் போட்டுவிடுவதே நல்லது.

இதில் அடிக்கடி நடக்கும் தவறு: இரண்டு சேவை பயன்படுத்துவதால் இரண்டு எஸ்பிஎஃப் ரெக்கார்டு போட்டுவிடுவது. ஒரு டொமைனுக்கு ஒரே ஒரு எஸ்பிஎஃப்தான் இருக்கலாம். இரண்டு இருந்தால் இரண்டுமே செல்லாது. இரண்டு சேவைகளையும் ஒரே வரியில் சேர்த்து எழுத வேண்டும். அந்த வரி தூண்டும் டிஎன்எஸ் தேடல்கள் 10-ஐத் தாண்டினாலும் சோதனை தோற்றுவிடும்.

படி 3: எந்த வகை ஹோஸ்டிங்?

நிறுவன அறிமுகம், சேவை விவரம், தொடர்புப் படிவம் அவ்வளவுதான் என்றால் ஷேர்டு ஹோஸ்டிங் போதும். பக்கங்கள் அரிதாகத்தான் மாறும் என்றால் ஸ்டேட்டிக் தளமாகவே (முன்பே தயாரித்து வைத்த பக்கங்கள்) உருவாக்கி இன்னும் குறைந்த செலவில் முடிக்கலாம். ஹேக் ஆகும் வாய்ப்பும் வெகுவாகக் குறையும். வூகாமர்ஸ் போன்ற மென்பொருளில் ஓடும் இணையக் கடை, லாகின் செய்து பயன்படுத்தும் தளம் என்றால் நல்ல ஷேர்டு பிளான் தாங்கும். ஆனால் அடுத்த படியில் வரும் வரம்புகளைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

விபிஎஸ் (ஒரு சர்வருக்குள் உங்களுக்கென்று ஒதுக்கிய மெய்நிகர் கணினி) விலையைப் பார்த்து மயங்கிவிடாதீர்கள். அன்மேனேஜ்டு விபிஎஸ் ஷேர்டை விடவும் மலிவாகக் கிடைக்கும். அதில் பாதுகாப்புப் பேட்ச், ஃபயர்வால், பேக்கப், நள்ளிரவில் டேட்டாபேஸ் நின்றால் எழுப்புவது எல்லாம் உங்கள் பொறுப்பு. லினக்ஸ் தெரிந்தவர் கையில் இருந்தால் எடுங்கள். சிறு கடைக்கு 2 ஜிபி ராம் இருப்பது நல்லது. 1 ஜிபியில் டேட்டாபேஸும் பக்கங்களை உருவாக்கும் பிஎச்பியும் நினைவகத்துக்கு அடித்துக்கொள்ளும். நினைவகம் தீர்ந்தால் லினக்ஸ் அதிக இடம் பிடித்திருக்கும் புரோகிராமைக் கொல்லும். அது பல நேரம் டேட்டாபேஸாகவே இருக்கும். வாங்கியபின் லினக்ஸின் டாப் கட்டளையில் வரும் ஸ்டீல் எண்ணை (சிபியு மற்றவர்களுக்குப் போனதால் நீங்கள் காத்திருந்த நேரத்தின் சதவீதம்) சில நாள் கவனியுங்கள். அது தொடர்ந்து 5 சதவீதத்துக்கு மேல் இருந்தால் அந்த இயந்திரத்தில் ஆட்களை அளவுக்கு மீறி அடைத்திருக்கிறார்கள்.

சர்வர் எந்தக் கண்டத்தில் இருக்கிறது என்பதும் கணக்கில் வரும். ஃபைபரில் ஒளி போய்வர 100 கிலோமீட்டர் தூரத்துக்குக் குறைந்தது 1 மில்லிசெகண்ட் ஆகும். 8,000 கிலோமீட்டர் என்றால் 80. பாதுகாப்பான இணைப்பை ஏற்படுத்திப் பக்கத்தைக் கேட்டுப் பெற, டிஎல்எஸ் 1.3 என்ற பாதுகாப்பு முறையிலும் மூன்று தடவை போய்வர வேண்டும். ஆக, சர்வர் வேலை செய்யும் நேரம் போக, பயணத்துக்கே ஏறக்குறைய கால் செகண்ட் போய்விடுகிறது. வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் இருக்கும் பகுதிக்கு அருகில் உள்ள டேட்டாசென்டரையே கேளுங்கள்.

படி 4: “அன்லிமிடெட்” என்பதன் அடியில் உள்ள அளவுகள்

ஸ்டோரேஜ் அன்லிமிடெட், டிராஃபிக் அன்லிமிடெட் என்று எழுதியிருக்கும். ஷேர்டு ஹோஸ்டிங்கில் உங்கள் தளத்தைக் கட்டுப்படுத்துபவை அவை இரண்டும் அல்ல. பல நிறுவனங்கள் சர்வரில் கிளவுட்லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் போட்டிருக்கின்றன. அது ஒவ்வொரு கணக்குக்கும் சிபியு, ராம், ஐஓ (டிஸ்கில் படித்து எழுதும் வேகம்), என்ட்ரி பிராசஸ் என்று தனித்தனி வரம்பு வைக்கும். சிபியு 100% என்றால் ஒரு கோர் மட்டும் என்று பொருள். முழு சர்வரும் அல்ல.

என்ட்ரி பிராசஸை விளங்கிக்கொள்வது அவசியம். ஒரே நேரத்தில் எத்தனை பிஎச்பி வேலைகள் உள்ளே இருக்கலாம் என்பதே அது. 20 என்று வைத்துக்கொள்வோம். உங்கள் பக்கம் அரை செகண்டில் தயாராகும் என்றால் செகண்டுக்கு 40 பக்கம் வரை அந்த வரம்பு இடம் கொடுக்கும். பேமெண்ட் நிறுவனத்தின் பதிலுக்கோ கூரியர் கட்டண விசாரணைக்கோ காத்திருந்து அதே பக்கம் 4 செகண்ட் எடுத்தால்? செகண்டுக்கு 5 மட்டுமே. விளம்பரம் போன பத்து செகண்டில் 100 பேர் வந்தால் பாதிப்பேருக்கு, வரம்பு தீர்ந்தது என்று பொருள்படும் 508 பிழைதான் தெரியும். சிபியு சும்மா இருக்கும், ராம் மீதம் இருக்கும், தளம் மட்டும் திறக்காது. பெரிய பிளானுக்கு மாறுங்கள் என்று சப்போர்ட் சொல்லும். மெதுவான அந்த ஒரு பக்கத்தைச் சரி செய்தாலே பல நேரம் போதும்.

அடுத்தது ஐனோட். ஒவ்வொரு ஃபைலும் ஃபோல்டரும் ஒரு ஐனோட். ஹோஸ்டிங்கிலேயே மின்னஞ்சல் வைத்தால் ஒவ்வொரு கடிதமும் ஒரு ஃபைல். பத்து ஊழியர், ஆளுக்கு நாளொன்றுக்கு 40 கடிதம், வருடத்தில் 300 நாள்: 1,20,000 ஃபைல். பிளானின் வரம்பு 2,50,000 என்றால் தளத்தின் ஃபைல்கள், கேஷ் (வேகத்துக்காகச் சேமித்த பிரதிகள்), படங்களின் சிறு பிரதிகள் எல்லாம் சேர்ந்து இரண்டாம் வருடத்துக்குள் முட்டும். அப்போது தெரியும் அறிகுறி விசித்திரமானது. டிஸ்கில் பாதிக்கு மேல் காலி என்று காட்டும். ஆனால் புதிய கடிதம் வராது, படம் ஏறாது, லாகின் செய்தால் உடனே வெளியே தள்ளும், ஏனென்றால் லாகினை நினைவில் வைக்கும் செஷன் ஃபைலை எழுத ஐனோட் மீதமில்லை. அதற்கும் முன்பே இன்னொரு பாதகம் உண்டு. ஐனோட் குறிப்பிட்ட எண்ணைத் தாண்டினால் தானியங்கி பேக்கப்பிலிருந்து அந்தக் கணக்கை விலக்கிவிடுவோம் என்று சில நிறுவனங்களின் விதிமுறையில் இருக்கும். பயன்பாட்டு விதிமுறைப் பக்கத்தைத் திறந்து ஐனோட், பேக்கப் என்ற இரு சொற்களையும் தேடிப் பாருங்கள். இரண்டு நிமிட வேலை.

படி 5: ஆறு வருடக் கணக்கு போடுங்கள்

விளம்பரத்தில் வரும் விலை பெரும்பாலும் மூன்று வருடத்துக்கு மொத்தமாகக் கட்டினால் மட்டும் கிடைப்பது. ஓர் உதாரணம்: ஒரு நிறுவனம் மாதம் 100 அலகு (எந்தப் பணமாகவும் வைத்துக்கொள்ளுங்கள்) என்கிறது, மூன்று வருடத்துக்கு முன்பணம். பிறகு ரினியூவல் 350. இன்னொன்று எப்போதும் மாதம் 200. முதல் மூன்று வருடத்தில் 3,600-க்கு எதிராக 7,200. ஆறு வருடத்தில் 16,200-க்கு எதிராக 14,400. பேக்கப், ரீஸ்டோர், மால்வேர் நீக்கம் ஆகியவற்றுக்குத் தனிக் கட்டணம் இருந்தால் அதையும் கூட்டுங்கள். இணைப்பைப் பாதுகாக்கும் எஸ்எஸ்எல் சான்றிதழுக்கு மட்டும் தனியாகப் பணம் கேட்கும் பிளானை ஒதுக்கிவிடலாம். லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ் இலவசம், தானாகவே புதுப்பித்துக்கொள்ளும்.

மூன்று வருடம் முடிந்ததும் இடம் மாறிவிடும் திட்டமும் மாறும் பழக்கமும் இருந்தால் முதல் வகை லாபமே. இருந்தாலும் அறிமுகமில்லாத நிறுவனத்தில் முதல் தடவை மாதக் கட்டணத்திலோ அதிகபட்சம் ஒரு வருடத்துக்கோ சேருங்கள். ஐந்தாவது மாதம் தரம் கெட்டால், முன்பணம் போய்விட்டதே என்று பொறுத்துக்கொண்டு கிடப்பதுதான் பெரிய இழப்பு.

படி 6: யாரிடம் வாங்குகிறீர்கள்?

“சிறந்த 10 ஹோஸ்டிங்” பட்டியல்களில் பெரும்பாலானவை கமிஷனுக்கு எழுதப்பட்டவை. அங்கே முதலிடத்தை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. விமர்சனங்களைப் பார்த்தால் ஒரு நட்சத்திரம், மூன்று நட்சத்திரம் கொடுத்தவர்கள் எழுதியதைப் படியுங்கள். வேகம் குறைவு என்ற புகாரை விட, “கணக்கை முன்னறிவிப்பின்றி முடக்கினார்கள், ஃபைலை எடுக்கவும் விடவில்லை” என்ற புகார் பல தடவை வந்தால் தள்ளி நில்லுங்கள்.

பிராண்டுகள் பல, முதலாளி ஒருவர் என்பதும் இந்தத் துறையில் சகஜம். புளூஹோஸ்ட், ஹோஸ்ட்கேட்டர் இரண்டும் ஒரே குழுமம். அந்தக் குழுமம் 2021-இல் வெப் டாட் காமுடன் இணைந்து நியூஃபோல்டு டிஜிட்டல் ஆனது. 2013 ஆகஸ்ட் 2 அன்று அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உள்ள ஒரே டேட்டாசென்டரில் ஏற்பட்ட கோளாறில் அந்தக் குழுமத்தின் பல பிராண்டுகளில் இருந்த தளங்கள் ஒரே நேரத்தில் விழுந்தன. தளத்தை ஒரு பிராண்டிலும் மாற்று ஏற்பாட்டை இன்னொரு பிராண்டிலும் வைப்பவர்கள் இரண்டின் உரிமையாளரையும் டேட்டாசென்டரையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

99.9% அப்டைம் (தளம் இயங்கும் நேரம்) உத்தரவாதம் என்றால் 30 நாள் மாதத்தில் 43 நிமிடம் வரை நிற்கலாம். 99% என்றால் 7 மணி 12 நிமிடம். அதைத் தாண்டினாலும் கிடைப்பது வழக்கமாக அந்த மாதக் கட்டணத்தில் ஒரு பங்குதான். உங்கள் வியாபார நஷ்டம் அல்ல. அறிவித்துச் செய்யும் பராமரிப்பு நேரம் பெரும்பாலும் கணக்கிலேயே வராது. எனவே இந்த எண்ணுக்கு அதிக மதிப்பு கொடுக்க வேண்டாம்.

படி 7: பணம் கட்டும் முன் ஒரு டிக்கெட்

சாட்டில் கேட்டால் விற்பனையாளர் எல்லாவற்றுக்கும் ஆமாம் போடுவார். சப்போர்ட்டுக்கு எழுத்தில் டிக்கெட் (கோரிக்கை) போடுங்கள். பதில் உங்கள் கையில் ஆதாரமாக இருக்கும். இப்படி எழுதலாம்:

“வணக்கம். உங்கள் பிளான் ஒன்றை எங்கள் நிறுவனத் தளத்துக்காகப் பரிசீலிக்கிறோம். கீழ்க்கண்டவற்றுக்குப் பதில் வேண்டும். ஒரு கணக்குக்கு சிபியு, ராம், என்ட்ரி பிராசஸ், ஐஓ, ஐனோட் வரம்பு எவ்வளவு? வரம்பைத் தாண்டினால் வேகம் குறையுமா, கணக்கு முடங்குமா? முடக்கும் முன் தகவல் வருமா? பேக்கப் எத்தனை நாளுக்கு ஒருமுறை, எத்தனை நாள் இருக்கும், சர்வர் இருக்கும் கட்டடத்திலேயே வைக்கிறீர்களா? டேட்டாபேஸை மட்டும் நாங்களே ரீஸ்டோர் செய்யலாமா, கட்டணம் உண்டா? கணக்கு முழுவதையும் பேக்கப்பாக எடுத்து டவுன்லோடு செய்ய முடியுமா? இரண்டாம் வருட ரினியூவல் கட்டணம் எவ்வளவு?”

எண்களோடு பதில் வந்தால் அது நல்ல அடையாளம். எண் சிறியதாக இருந்தாலும் பரவாயில்லை. “எங்கள் சேவை அன்லிமிடெட், கவலை வேண்டாம்” என்று வந்தால் அந்த நிறுவனத்தை விட்டுவிடுங்கள். இதே டிக்கெட்டை ஒருமுறை விடுமுறை நாள் இரவிலும் அனுப்பி எவ்வளவு நேரத்தில் ஆள் பதில் சொல்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

படி 8: முதல் 30 நாள் சோதனை

ரீஃபண்ட் காலத்தைச் சோதனைக் காலமாகவே பயன்படுத்துங்கள். டொமைன் கட்டணம், கூடுதல் சேவைகளுக்கான கட்டணம் பொதுவாகத் திரும்பாது. அதையும் முன்பே படித்துவிடுங்கள். தளத்தின் பிரதியை ஒரு சப்டொமைனில் (உங்கள் டொமைனுக்குக் கீழ் வரும் கிளை முகவரி) ஏற்றி, பிரவுசரின் டெவலப்பர் டூல்ஸில் நெட்வொர்க் பகுதியைத் திறந்து, முதல் பைட் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். முகப்புப் பக்கத்தை அளந்து பயனில்லை, அது கேஷிலிருந்து வந்திருக்கும். கார்ட் பக்கத்தையும் லாகின் செய்த பக்கத்தையும் அளக்க வேண்டும். 0.8 செகண்டுக்குள் இருந்தால் நல்லது என்பது கூகுள் சொல்லும் அளவு. காலை, மதியம், இரவு என்று ஒரு வாரம் எடுங்கள். ஒரே பக்கம் ஒரு நேரம் அரை செகண்டிலும் இன்னொரு நேரம் 3 செகண்டிலும் வந்தால் அக்கம்பக்கத்தின் சுமை உங்கள் மேல் விழுகிறது.

கூடவே ஒரு அப்டைம் கண்காணிப்புச் சேவையைப் போட்டு 5 நிமிடத்துக்கு ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். டேட்டாபேஸிலிருந்து வரும் ஏதாவது ஒரு சொல் பக்கத்தில் இருக்கிறதா என்று சோதிக்குமாறு அமைக்க வேண்டும். வெறுமனே தளம் பதில் தருகிறதா என்று பார்த்தால், டேட்டாபேஸ் இறந்து பிழைச் செய்தி மட்டும் வரும்போதும் எல்லாம் சரி என்றே சில நேரம் காட்டும்.

படி 9: பேக்கப்பை நிறுவனத்திடம் விடாதீர்கள்

2021 மார்ச் 10 அன்று பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் டேட்டாசென்டர் தீப்பிடித்தது. எஸ்பிஜி2 என்ற கட்டடம் முழுவதும் அழிந்தது. பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்தவர்களில் பலருக்கு இரண்டும் சேர்ந்தே போயின. நிறுவனம் எடுக்கும் பேக்கப் ஒரு வசதிக்கு மட்டும்தான். உங்கள் தொழில் நிற்க வேண்டியது நீங்கள் எடுக்கும் பேக்கப்பின் மேல்.

டேட்டாபேஸை தினமும், ஃபைல்களை வாரம் ஒருமுறை, வேறு நிறுவனத்தின் ஸ்டோரேஜுக்கு அனுப்புங்கள். தினமும் ஆர்டர் வரும் கடை என்றால் டேட்டாபேஸ் சில மணி நேரத்துக்கு ஒருமுறை. அனுப்பும் ஸ்கிரிப்டுக்கு எழுத மட்டும் உரிமை கொடுங்கள், அழிக்கும் உரிமை வேண்டாம். தளம் ஹேக் ஆனால் பேக்கப்பையும் சேர்த்து அழிப்பது இதனால் தடைபடும். பேக்கப்பின் அளவையும் பாருங்கள். நேற்று 80 எம்பி இருந்த டேட்டாபேஸ் ஃபைல் இன்று 12 எம்பி என்றால் நேர வரம்பில் பாதியில் அறுந்திருக்கலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சப்டொமைனில் முழுவதும் ரீஸ்டோர் செய்து, கடைசி ஆர்டர் எண் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, எத்தனை நிமிடம் ஆனது என்பதையும் எழுதி வையுங்கள்.

படி 10: இடம் மாறும் நாள்

கணக்கை நிர்வகிக்கும் கண்ட்ரோல் பேனல் இரண்டு இடத்திலும் சிபேனலாக இருந்தால் முழு பேக்கப்பை எடுத்துப் புதிய இடத்தில் கொடுத்தால் அவர்களே ஏற்றித் தருவது வழக்கம். இல்லையென்றால் ஃபைலும் டேட்டாபேஸும் தனித்தனியாகப் போக வேண்டும். புதிய சர்வரின் பிஎச்பி பதிப்பு பழையதோடு ஒத்துப்போக வேண்டும்; பதிப்பை உயர்த்துவதை அதே நாளில் செய்யாதீர்கள், கோளாறு எதனால் என்று பிரித்தறிய முடியாது.

முதலில் டிஎன்எஸ்ஸில் ஏ ரெக்கார்டின் (டொமைன் எந்த ஐபியைக் காட்ட வேண்டும் என்ற பதிவு) டிடிஎல்லைப் பாருங்கள். அந்தப் பதிவை மற்ற சர்வர்கள் எவ்வளவு நேரம் நினைவில் வைக்கலாம் என்பதே டிடிஎல். 86,400 செகண்ட் என்று இருந்தால், அதை 300-ஆகக் குறைத்துவிட்டு ஒரு முழு நாள் காத்திருங்கள். பழைய மதிப்பை நினைவில் வைத்திருக்கும் சர்வர்கள் மறக்க அவ்வளவு நேரம் வேண்டும். அதற்குள் தளத்தைப் புதிய இடத்தில் ஏற்றி, உங்கள் கணினியின் ஹோஸ்ட்ஸ் ஃபைலில் புதிய ஐபியை எழுதி, உங்களுக்கு மட்டும் புதிய சர்வர் தெரியுமாறு செய்து ஒவ்வொரு படிவத்தையும் சோதியுங்கள்.

எஸ்எஸ்எல்லில் ஒரு சிக்கல் வரும். டொமைன் இன்னும் பழைய சர்வரைக் காட்டுவதால் புதிய சர்வரால் வழக்கமான முறையில் சான்றிதழ் வாங்க முடியாது. டிஎன்எஸ் வழிச் சரிபார்ப்பில் முன்கூட்டியே வாங்குங்கள், அல்லது பழைய சான்றிதழையும் அதன் தனிச் சாவியையும் எடுத்துப் புதிய இடத்தில் போடுங்கள். இல்லாவிட்டால் மாறிய முதல் சில நிமிடம் வாடிக்கையாளர்களுக்குச் சிவப்பு எச்சரிக்கை தெரியும்.

மாற்றும் நேரத்தில் பழைய கடையைப் பராமரிப்பு நிலையில் வைத்து, டேட்டாபேஸைக் கடைசியாக ஒருமுறை எடுத்து ஏற்றி, பிறகு ஏ ரெக்கார்டை மாற்றுங்கள். இந்த வரிசை தவறினால் பழைய சர்வரில் விழுந்த ஆர்டர்கள் அங்கேயே தங்கிவிடும். ஏ ரெக்கார்டை மட்டும் தொடுங்கள். டிஎன்எஸ் பதிவுகளை வைத்திருக்கும் நேம்சர்வரையே மாற்றினால், கடிதம் எந்த சர்வருக்கு வர வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ், மற்றும் எஸ்பிஎஃப் ரெக்கார்டுகள் எல்லாவற்றையும் புதிய இடத்தில் ஒன்று விடாமல் எழுத வேண்டியிருக்கும். ஒன்று விட்டுப்போனாலும் மின்னஞ்சல் நிற்கலாம் அல்லது ஸ்பேமுக்குப் போகலாம்.

பழைய கணக்கை உடனே மூடாதீர்கள், 30 நாள் விட்டுவையுங்கள். அதன் ஆட்டோ ரினியூவலை அணைத்து, பதிவாகியிருக்கும் கார்டை நீக்கி, கடைசி முழு பேக்கப்பை டவுன்லோடு செய்து, அது திறக்கிறதா என்று பார்த்தபின் மூடலாம். டிடிஎல்லைத் திரும்ப 3,600-க்கு உயர்த்திவிடுங்கள்.